வினைக்குப் பின் நிற்கும் சிறுசொல்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் இலக்கணம் பேச வந்துவிட்டானே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எனக்கும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நம் மாலை வகுப்பில் ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்பதைப் பல ஆண்டுகள் அருகிருந்து கண்டவன் நான். ‘கோ, வெண்ட், கான்’ என்றும் ‘டேக், டுக், டேக்கன்’ என்றும் வாய்ப்பாடு போல ஒப்புவிப்பர். இறந்தகாலம் கைவந்துவிட்டது என்று மனநிறைவும் கொள்வர். ஆனால் அவ்வினைக்குப் பின்னே நிற்கும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘டவுன்’ முதலிய சிறுசொற்களைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுவர். பலவேளைகளில் வாக்கியத்தின் உயிரே அச்சிறுசொல்லில்தான் இருக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பணியிற் சேர்ந்து ஆறாண்டு ஆகியிருந்த சமயம். பதவி உயர்வு பற்றிய ஆணை ஒன்று வந்தது. தட்டச்சு செய்த ஆங்கிலத் தாளில் என் பெயரும், அதற்கு நேரே ‘பாஸ்ட் ஓவர்’ என்னும் இரு சொற்களும் இருந்தன. பள்ளியிறுதித் தேர்வில் ‘பாஸ்’ ஆனவன் அல்லவா நான்? முதற்சொல்லைக் கண்ட மகிழ்ச்சியில் தெரு முழுவதும் லட்டு வழங்கினேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பல நாள் வெளியூர் சென்றிருந்து திரும்பியவரிடம் இனிப்பைக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு, “தாளைக் காட்டு தம்பி” என்றார். படித்தார். லட்டை வாயில் போடவில்லை. “உன்னைத் தாண்டிப் போய், உனக்குப் பின்னால் இருப்பவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் தம்பி” என்றார். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் தவணை; அதில் பத்தொன்பது நாள் கழிந்திருந்தது. எஞ்சிய நாட்களில் அவரே உடனிருந்து மனு எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு வர மூன்றாண்டாயிற்று. அது வேறு கதை. ‘பாஸ்ட்’ என்பதைப் படித்தேன், ‘ஓவர்’ என்பதைப் படிக்கவில்லை. என் பிழை அவ்வளவே.

இப்பிழை நமக்கு ஏன் நேர்கிறது? தமிழிலும் ஒரே வினை பல பொருள் தருவதுண்டு. ‘விட்டான்’ என்னும் இறந்தகால வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுவிட்டான், வழிவிட்டான், கைவிட்டான், கோட்டைவிட்டான். நான்கும் நான்கு வேறு செயல்கள். ஆனால் பொருளைத் திருப்பும் சொல் முன்னே நிற்கிறது. காலங்காட்டும் வினை இறுதியில் வருகிறது. எனவே வினையைக் கேட்டவுடன் பொருள் முடிந்துவிட்டது என்று கொள்வது நம் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தில் இவ்வரிசை தலைகீழ். காலங்காட்டும் வினை முன்னே வந்துவிடும். திருப்பும் சொல் பின்னே வரும். ‘கேவ்’ என்றால் கொடுத்தான். ‘கேவ் அப்’ என்றால் கைவிட்டான். ‘கேவ் இன்’ என்றால் எதிர்த்து நின்றவன் பணிந்துவிட்டான். ‘டுக்’ என்றால் எடுத்தான். ‘டுக் ஓவர்’ என்றால் பொறுப்பேற்றான். ‘டுக் ஆஃப்டர்’ என்றால் குணத்திலோ தோற்றத்திலோ தன் தந்தையைப் போல இருந்தான். எடுப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் ஆங்கிலேயரே திகைப்பர். 1755இல் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார்க்கு மிகுந்த தொல்லை தருவது இத்தொடர்களே என்று தம் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். ஆகவே இது நம் அறிவுக்குறை அன்று.

மிகப் பழைய ஆங்கிலத்தில் இச்சிறுசொற்கள் பல, வினைக்கு முன்னொட்டாகவே நின்றன. பிற்காலத்தில்தான் பெரும்பாலும் பின்னே இடம்பெயர்ந்தன. அப்பழைய வழக்கின் எச்சம் இன்றும் உண்டு. ‘ஓவர்டுக்’ என்றால் முந்திச் சென்றான். ‘டுக் ஓவர்’ என்றால் பொறுப்பேற்றான். ‘அப்ஹெல்ட்’ என்று தீர்ப்பில் கண்டால் கீழ்மன்ற முடிவு உறுதி செய்யப்பட்டது என்பது பொருள். ‘ஹெல்ட் அப்’ என்றால் தடைப்பட்டுத் தாமதமாயிற்று என்பது பொருள். சொற்கள் அவையே, இடம் மாறினால் கதியே மாறுகிறது.

இனி, காலம் எங்கே குறிக்கப்படுகிறது என்று பார்ப்போம். வினை மட்டுமே காலத்திற்கேற்ப மாறும். சிறுசொல் ஒருபோதும் மாறாது. ‘டிட்’ என்னும் துணைவினை வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துகொள்ளும். முதல்வினை தன் பழைய உருவிற்குத் திரும்பும். ‘டிட் நாட் டர்ன் அப்’ என்பதே சரி. நம் பிள்ளைகள் பழக்கத்தால் ‘டர்ண்ட்’ என்று எழுதிவிடுகின்றனர். செயப்பாட்டு வினையில் ‘வாஸ் டேக்கன் ஓவர்’ என்க. அங்கே ‘டுக்’ வராது. ‘புட்’, ‘செட்’, ‘கட்’ போன்றவை காலம் மாறினும் உருமாறா. ‘ஹீ புட் ஆஃப்’ என்பதில் வினையின் ஈற்றில் ‘எஸ்’ இல்லாமையே அது இறந்தகாலம் என்பதற்கு அடையாளம்.

செவிக்கும் ஒரு சிக்கல் உண்டு. நன்னூல் படித்தவர்க்கு அது புதிதன்று. மெய்யீற்றின்மேல் உயிர் வந்தால் இரண்டும் ஒன்றும். தமிழும் அரசும் சேர்ந்து தமிழரசு ஆவது போல, ‘டர்ண்ட்’ என்பதும் ‘அப்’ என்பதும் பேச்சில் ‘டர்ண்டப்’ ஆகும். சிறுசொல் மெய்யில் தொடங்கினால் நிலைமை வேறு. ‘லுக்ட் டவுன்’ என்று விரைந்து சொல்லும்போது இறந்தகால ஒலி அடுத்த ஒலியில் அமிழ்ந்து ‘லுக் டவுன்’ என்றே கேட்கும். எனவே காதை மட்டும் நம்பி எழுதலாகாது. வாக்கியத்தின் போக்கையும் பார்த்து எழுத வேண்டும்.

சிறுசொல் வினையோடு ஒட்டியதா, அன்றிப் பெயரைத் தழுவும் முன்னிடைச்சொல்லா என்று அறியவும் வழியுண்டு. ‘இட்’ என்னும் சுட்டுப்பெயரைச் செயப்படுபொருளாக இட்டுப் பாருங்கள். மனுவை ஆராய்ந்தனர் என்பதற்கு ‘லுக்ட் இண்ட்டு இட்’ என்பர். ‘இண்ட்டு’ முன்னிடைச்சொல், ஆகவே ‘இட்’ அதன் பின்னே வரும். மனுவை மறுத்தனர் என்பதற்கோ ‘டர்ண்ட் இட் டவுன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘இட்’ நடுவில் நுழையும். ஆராய்ந்து மறுக்கப்பட்ட மனுக்கள் நம் வீடுகளில் கட்டுக்கட்டாக உள்ளமையால் இவ்வெடுத்துக்காட்டை மறக்கமாட்டீர்கள்.

நமக்கு மிகவும் தேவைப்படுவது சட்டச் செய்திகளில் வரும் தொடர்களே. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில், சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இத்தகைய தீர்ப்பை ‘ஸ்ட்ரக் டவுன்’ என்று எழுதுவர். அவ்வாண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. ‘ஸ்ட்ரக் ஆஃப்’ என்றாலோ பட்டியலிலிருந்து ஒருவர் பெயர் நீக்கப்பட்டது என்பது பொருள். முன்னது சட்டத்தின்மேல் விழும் அடி. பின்னது ஆளின்மேல் விழும் அடி. இவற்றினும் ஏமாற்றுவது ‘செட் அசைட்’. இடங்கள் ‘செட் அசைட்’ செய்யப்பட்டன என்றால் அவை நமக்கென ஒதுக்கப்பட்டன. ஆணை ‘செட் அசைட்’ செய்யப்பட்டது என்றால் அது நீக்கப்பட்டது. சொல் ஒன்றே, எதைப் பற்றி என்று பார்த்த பிறகே மகிழ்வதும் வருந்துவதும்.

சில வினைகளுக்கு இரு சிறுசொற்கள் தேவைப்படும். ‘லுக்ட் அப் டு’ மதித்தான். ‘லுக்ட் டவுன் ஆன்’ இழிவாக நோக்கினான். இதனைச் செயப்பாட்டில் சொல்லும்போது, ‘வாஸ் லுக்ட் டவுன் ஆன்’ என்று ‘ஆன்’ துணையின்றி ஈற்றில் தொங்கும். தமிழ்க் காதுக்கு அது முடியாத வாக்கியம் போல் படுவதால் பலர் அதை விட்டுவிடுகின்றனர்; விடலாகாது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ‘டிட் அவே வித்’ என்று பேச்சில் சொல்லலாம். சட்ட வாசகத்தில் ‘அபாலிஷ்ட்’ என்னும் இலத்தீன் வழிச் சொல்லே உண்டு. சட்டம் எழுதுவோர் சிறுசொற்களை நம்புவதில்லை போலும்!

ஞாயிறுதோறும் மாலையில் கழகப் படிப்பகத்தில் இருப்பேன். வீட்டில் ஆங்கிலத்தில் வந்த தாள் எதுவாயினும், பழையதாயினும் புதியதாயினும், கொண்டு வாருங்கள். மேல்முறையீட்டுக்குத் தவணை உள்ள தாளாயின் ஞாயிறு வரை காத்திராமல் அன்றே கொண்டு வாருங்கள்.