தூரத்து நட்பும் வேலிப் பகையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வள்ளுவர் நட்பாராய்தல் என ஓர் அதிகாரமும், பகைத்திறந்தெரிதல் என வேறோர் அதிகாரமும் வைத்தார். ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா ஆட்சிக்கு வந்தபின் இரண்டையும் மறந்தார் என்பதே என் வாதம்.

அவரை அறிவிலி என்று நான் சொல்லவில்லை. 1951இல் சன்பிரான்சிஸ்கோ மகாநாட்டில், தோற்றுக் கிடந்த ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாமென்று பேசி அந்நாட்டின் நன்றியை நமக்குத் தேடித் தந்தவர் அவரே. ஆனால் பின்னாளில் நடந்தவற்றைப் பாருங்கள். 1979 வரை அணிசேரா நாடுகளுக்குத் தலைமை வகித்தவர், 1982இல் போக்லாந்துப் பிரச்சினையில் பிரித்தானியாவின் பக்கம் வாக்களிக்கச் செய்தார். விக்டோரியா அணைக்கு வந்த பணத்துக்கு அது கைம்மாறு என்பாரும் உளர். 1983இல் அமெரிக்க வானொலிக்கு விரிந்த இடங் கொடுக்க உடன்பட்டார். 1984இல் அமெரிக்கத் தூதரகக் கூரையின்கீழ் இஸ்ரவேலருக்கு அலுவலகம் அமைந்தது. முஸ்லிம் சகோதரரின் மனக்கசப்பை அவர் பொருட்படுத்தவில்லை.

இவையெல்லாம் யாரை நோக்கி? அடுத்த வீட்டாரை நோக்கியே. அந்த வீட்டாரும் உத்தமரல்லர். 1983 ஆடிக் கலவரத்தின்பின் நடுவராக வந்த இந்தியா, நம் இளைஞருக்குப் படைப்பயிற்சியும் அளித்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டியது. ஆயினும் வேலிச் சண்டையில் நசுங்குவது வேலியோரத்துப் பயிர். அந்த வேலி நமது கடல்.

1987 வைகாசியில் வடமராட்சித் தாக்குதல் தொடங்கிற்று. ஆனி மாதத் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து நிவாரணப் பொருளுடன் வந்த படகுகளை நமது கடற்படை திருப்பியனுப்பியது. 4ஆந் திகதி ஐந்து விமானங்கள், போர்விமானங்கள் காவல் வர, யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. இறைமை மீறப்பட்டதென்று கொழும்பு கூவியது. வாஷிங்டனோ லண்டனோ ஒரு கப்பலும் அனுப்பவில்லை.

ஆடி 29ஆந் திகதி, ஊரடங்குச் சட்டத்தின் நடுவே, ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் இணைப்புக் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். அந்நியப் படையாட்கள், உளவாளிகள் பற்றி ஒரு வாசகம். திருக்கோணமலைத் துறைமுகம் பற்றி ஒன்று. எண்ணெய்க் குதங்கள் பற்றி ஒன்று. அந்நிய வானொலி பற்றி ஒன்று. பத்து வருடமாகச் சேர்த்த தூரத்து நட்பெல்லாம் ஒரே நாளில் அயலவனிடம் ஈடு வைக்கப்பட்டது. அதையே 1983இல் மேசையில் இருந்து பேசியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

அன்று வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் இச்சபையில் இருக்கின்றார்கள். நான் அன்று பிறக்கவில்லை. பிழையாகச் சொல்லியிருப்பின் பெரியோர்கள் எழுந்து திருத்துமாறு வேண்டுகின்றேன்.