மணம் காட்டாத போதை

(தேனி மாவட்டத் தொடக்கநிலை, மேல்நிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பெருமைகள் பல உண்டு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு இந்த மண் இரு போகம் நெல் விளையும் பூமியானது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் நம் பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்ச் சொந்த ஊர் கம்பம் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் நெல்லையோ திராட்சையோ கேட்பதில்லை. ஒரு நமட்டுச் சிரிப்புடன் கஞ்சாவைப் பற்றித்தான் கேட்கிறார். வருசநாடு, மேகமலைப் பகுதிகளில் ஒரு காலத்தில் ஒளிவுமறைவாக நடந்த கஞ்சா சாகுபடி நம் ஊருக்கு வைத்துவிட்டுப் போன பெயர் அது. அந்தத் தோட்டங்களைக் காவல்துறை அழித்துவிட்டது. இப்போது தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர - ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவது. ஆனால் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று கேரளத்துக்குப் போகும் மலைப்பாதைகள் நம் மாவட்டத்தில் இருப்பதால், சரக்கு நம்மைக் கடந்து போகிறது. கடந்து போகிற சரக்கில் கொஞ்சம் தங்கியும்விடுகிறது.

இன்று நான் பேச வந்தது இலைக் கஞ்சாவைப் பற்றி மட்டுமல்ல. அது எடுத்திருக்கும் புதிய வடிவத்தைப் பற்றி: கஞ்சாவின் செறிவூட்டிய எண்ணெயும், அதை அடைத்து உறிஞ்சும் வேப் என்ற கருவியும். ஆசிரியருக்கு இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? இதுவரை நாம் நம்பியிருந்த ஒரே துப்பு மணம்தான். கழிப்பறைப் பக்கம் புகை வாடை வந்தால் நமக்குத் தெரிந்துவிடும். புதிய வடிவம் அந்தத் துப்பைப் பறித்துவிட்டது.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். கஞ்சாச் செடியின் பூங்கொத்தில் ஒட்டும் தன்மையுள்ள பிசின் சுரக்கிறது. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. இந்தப் பொருளை 1964இல் இஸ்ரேலிய அறிவியலாளர்கள் கவோனியும் மெக்கூலமும் தனியே பிரித்துக் காட்டினார்கள். இலை, காம்பு, நார் எல்லாவற்றையும் விலக்கிப் பிசினை மட்டும் பிரித்தெடுத்தால் அதன் வீரியம் பல மடங்கு கூடும். அதுவே கஞ்சா எண்ணெய். சில வகை எண்ணெயில் எடையில் பாதிக்கு மேல் டி.எச்.சி. இருக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சாவில் ‘சிறு அளவு’ என்பது 1 கிலோ. சரஸ், கஞ்சா எண்ணெய் வகையில் அது 100 கிராம்தான். ‘வணிக அளவு’ கஞ்சாவுக்கு 20 கிலோ. பிசின் வகைக்கு 1 கிலோ. பத்தாம் வகுப்பு மாணவனிடம் இந்த எண்களை மட்டும் எழுதிக் காட்டினால் போதும். “சும்மா இலைதானே சார்” என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனிக் கருவி. வேப் என்பது மின்கலத்தால் ஒரு திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கித் தரும் சாதனம். பேனா போல, பென்டிரைவ் போல, வண்ணக் குறியிடும் மார்க்கர் போலவெல்லாம் இருக்கும். திரவம் அடைத்த சிறு குழாயைக் கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள். பழ வாசனை வரலாம். வாசனையே இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் சில நிமிடங்களில் காற்றில் கலந்துவிடும். சாம்பல் இல்லை, தீக்குச்சி இல்லை, விரலில் கறை இல்லை. இந்தியாவில் மின்னணு சிகரெட்டுகள் 2019 முதல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டவை. விற்றால் முதல் முறை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடையில் வெளிப்படையாக விற்க முடியாத பொருள் என்பதால் பிள்ளைகள் கைக்கு வருவது எல்லாமே கள்ளச் சரக்கு. உள்ளே இருப்பது நிகோடினா, கஞ்சா எண்ணெயா, வேறெதுவுமா என்று வாங்குபவனுக்கும் தெரியாது, விற்பவனுக்கும் தெரியாது.

இதன் ஆபத்தை அமெரிக்கா 2019இல் கண்டது. நலமாக இருந்த இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 15 விழுக்காட்டினர் 18 வயதுக்கும் குறைந்தவர்கள். பெரும்பாலோர் டி.எச்.சி. கலந்த வேப் உறிஞ்சியவர்கள். நண்பர்களிடமோ தெருவிலோ கள்ளத்தனமாக வாங்கியவர்கள். கஞ்சா எண்ணெயைப் பெருக்கிக் காட்டுவதற்காக அதில் வைட்டமின் இ அசிட்டேட் என்ற பொருளைக் கலந்திருந்தார்கள். 51 நோயாளிகளின் நுரையீரல் திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது.

அறிவியல் ஆசிரியர்கள் இதை ஒரு பாடமாகவே நடத்தலாம். வைட்டமின் இ அசிட்டேட் முகத்தில் பூசும் கிரீமில் இருக்கிறது, விழுங்கும் மாத்திரையில் இருக்கிறது. அங்கெல்லாம் தீங்கில்லை. அதையே சூடாக்கி நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் இழுத்தால் உயிரையே பறிக்கிறது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்டால் மட்டும் போதாது, அது எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்றும் கேட்க வேண்டும். சுவாச மண்டலம் நடத்தும் நாளில் இதைச் சொன்னால், தனியாக ஒரு விழிப்புணர்வு வகுப்பு தேவைப்படாது.

மாணவர்கள் எதிர்க்கேள்வி கேட்பார்கள். “கனடாவில் சட்டபூர்வமாக்கிவிட்டார்களே சார்?” ஆம், 2018 அக்டோபரில் ஆக்கினார்கள். ஆனால் அங்கும் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்பது குற்றம். பல மாகாணங்களில் அந்த வயது 19, கியூபெக்கில் 21. பெரியவர்களுக்கு அனுமதித்த நாடும் பிள்ளைகளுக்கு அனுமதிக்கவில்லை. ஏனென்றால் மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கவனம், நினைவாற்றல், தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் ஆகியவை உருப்பெறும் பருவம் அது. வளரிளம் பருவத்தில் வீரியம் மிகுந்த கஞ்சாவை அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் அபாயம் கூடுதல். “சித்த மருத்துவத்தில் இருக்கிறதே டீச்சர்?” இருக்கிறது, மருத்துவர் அளவறிந்து தரும் மருந்தாக இருக்கிறது. தெரிந்த உண்மையை ஒத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். ஒரு முறை இழுத்தாலே பைத்தியம் பிடிக்கும் என்று மிரட்டினால், இழுத்துப் பார்த்து எதுவும் ஆகாத நண்பனை அவன் காட்டுவான். பிறகு நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

சரி, மணம் காட்டிக்கொடுக்காத போதையை எப்படிக் கண்டுகொள்வது? பையைச் சோதிப்பதால் அல்ல. பென்டிரைவ் போன்ற ஒன்றை ஒளித்துவைக்க ஆயிரம் இடம் உண்டு. நாம் பார்க்க வேண்டியது பிள்ளையில் தெரியும் மாற்றத்தை. முன்பு கை தூக்கியவன் இப்போது தூக்குவதில்லை. மதிய இடைவேளைக்குப் பின் பாடம் பிடிபடுவதில்லை. இப்போது சொன்னது அப்போதே மறந்துபோகிறது. கண் சிவப்பு, வாய் உலர்தல், திடீர்ப் பசி. பழைய நண்பர்களை விட்டு வயதில் மூத்த புதிய சகவாசம். கணக்குச் சொல்ல முடியாத பணம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து, சில வாரங்கள் தொடர்ந்தால் கவனியுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இதே அறிகுறிகள் வேறு காரணத்தாலும் வரும். நம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள் தாய்மார்கள். அந்த வீட்டுப் பெரிய பிள்ளைதான் சமைக்கிறது, தம்பி தங்கையைக் கிளப்பிவிடுகிறது. அதன் கண்ணும் சிவந்துதான் இருக்கும், அதுவும் வகுப்பில் தூங்கத்தான் செய்யும். எனவே அறிகுறியைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் பேசுங்கள். தனியாக, மற்றவர் காதில் விழாமல் பேசுங்கள். “என்னப்பா, ஒரு மாசமா முகமே சரியில்லையே, ராத்திரி தூங்குறியா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று தொடங்கினாலே போதும். “நீ கஞ்சா அடிக்கிறியா?” என்று தொடங்கினால் கதவு மூடிவிடும்.

கருவியோ எண்ணெயோ கையில் கிடைத்தால் என்ன செய்வது? முகர்ந்து பார்க்காதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள், இயக்கிப் பார்க்காதீர்கள். இன்னொரு ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். அடுத்த நடவடிக்கையை அவர் எடுக்கட்டும். மாணவரின் படத்தை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். பிள்ளைக்கு மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, மயக்கம் இருந்தால் விசாரணையெல்லாம் பிறகு, முதலில் 108. என்ன உறிஞ்சினான் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூடுதலாக ஒன்றை நினைவில் வையுங்கள்: அண்ணனின் கருவியைத் தம்பி எடுத்து வாயில் வைக்கும் வாய்ப்பு உண்டு. சிறு குழந்தை இந்த எண்ணெயை விழுங்கினால் ஆபத்து மிக அதிகம்.

இனி நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமான செய்தி. பல பள்ளிகளில் இந்தப் பிரச்சினைக்குக் கைவசம் வைத்திருக்கும் ஒரே தீர்வு டி.சி. கொடுத்து அனுப்புவது. ‘ஒரு அழுகிய பழம்’ என்ற உவமையையும் கூடவே சொல்வோம். ஆனால் டி.சி. வாங்கிய பையன் எங்கே போகிறான்? மறுநாள் காலை பத்து மணிக்கு அவனுக்குப் போக இடமில்லை. அவனை வரவேற்கக் காத்திருப்பவர் ஒருவர்தான்: அவனுக்கு அதை விற்றவர். பொட்டலம் சுமக்கச் சிறுவர்களைப் பயன்படுத்துவது வியாபாரிக்கு லாபம். முதலில் பிடிபடுவது சுமப்பவன்தானே. நாம் வகுப்பிலிருந்து வெளியேற்றும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த வியாபாரத்துக்கு நாம் அனுப்பிவைக்கும் ஆள்.

சட்டமும் நம் பிள்ளையின் பக்கம்தான் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது. அடிக்கவோ மனதைப் புண்படுத்தவோ கூடாது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கும், குழந்தையை வைத்து விற்கவோ கடத்தவோ செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சட்டத்தின் கடுமை விற்பவன் மீது. கருணை பிள்ளை மீது. பள்ளியின் நடைமுறை இதற்குத் தலைகீழாக இருக்கலாமா?

நம்மால் செய்யக்கூடியவை இவை. பெற்றோரை அழையுங்கள், குற்றம் சாட்டவல்ல, சேர்ந்து காப்பாற்ற. கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை நினைத்து, அவர் வரக்கூடிய நேரத்தைக் கேட்டு அழையுங்கள். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. விற்பனை பற்றித் தகவல் தர 10581, தேசிய அளவில் 1933. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கும் கடை இருந்தால் அது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் புகார் அங்கிருந்து தொடங்கட்டும். சிகிச்சை முடிந்து வரும் பிள்ளைக்கு அதே பெஞ்சில், அதே இடத்தில் உட்கார இடம் இருக்கட்டும். பாதியில் மறுபடி சறுக்கினாலும் கைவிடாதீர்கள். சறுக்குவதும் குணமாகும் வழியில் நேர்வதுதான்.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழி எடுக்க ஐந்து நிமிடம் போதும். அதைக் காப்பாற்ற, தினமும் காலையில் வருகைப்பதிவேட்டைத் திறக்கும்போது பெயரை மட்டும் பார்க்காமல் முகத்தையும் பார்க்கும் ஓர் ஆசிரியர் தேவை. நாற்பது முகங்களையும் தெரிந்த ஒரே பெரியவர், பல வீடுகளின் நிலையில், நாம்தான்.