காற்று நம் ஊரில், கணக்கு யார் பெயரில்?



காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்று வாதாட நான் வரவில்லை. தமிழ்நாட்டில் அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று மேற்குத் தொடர்ச்சி மலை எங்கெல்லாம் இடைவெளி விடுகிறதோ, அங்கெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். முதலீட்டாளர்கள் இந்தக் கணவாய்களைத் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான். வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால், ஊருக்கு என்ன கிடைத்தது? நிலத்தை விற்றவருக்கு ஒருமுறை பணம், ஒன்றிரண்டு பேருக்குக் காவல் வேலை. பெரும்பாலும் அவ்வளவோடு சரி. காத்தாடி சுற்றுவது நம் ஊரில், வருமானம் சேர்வது எங்கோ இருக்கும் முதலீட்டாளரின் கணக்கில்.

வேறு வழி உண்டா என்றால், மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்கள். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் கட்டியே நிதி கரைந்த ஊராட்சி அது. 2006-ல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. சொந்த நிதி 40 லட்சம். மீதி வங்கிக் கடன். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவையோ 4.5 லட்சம்தான். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் காற்றாலை ஓடந்துறையிலேயே இல்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நிற்கிறது. ஆகவே, 'எங்கள் ஊரில் காற்றில்லையே' என்பதும் தடையல்ல.

காற்று ஆண்டு முழுக்க வீசாதே என்பார்கள். உண்மைதான். வைகாசி முதல் புரட்டாசி வரைதான் சீசன். தை மாதத்தில் இறக்கைகள் சோம்பி நிற்கும். சீசனில் கொடுத்த மின்சாரத்தைப் பிறகு திரும்பக் கேட்டு வாங்குவது மின்வாரியத்துக்குச் சுமை என்ற புகாரிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் குடிநீர் மோட்டாரை, காற்று வீசும் நேரத்தில் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். வெயில் மாதங்களில் சூரியத் தகடுகள் கைகொடுக்கும். இன்னொரு புகார் எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. காற்றாலைக்குப் போடும் பாதைகள் ஓடையை மறித்து, குளத்துக்கு வரும் தண்ணீரைத் திருப்பிவிடுகின்றன. அதற்காகக் காற்றாலையே வேண்டாம் என்பதா? பங்குதாரராக ஊராட்சி உள்ளே உட்கார்ந்திருந்தால், பாதைக்கு அடியில் குழாய் பதிக்காமல் ஒரு லாரி நகராது.

இன்றைய இயந்திரங்கள் பல கோடி ரூபாய். ஓர் ஊராட்சியால் முடியுமா? தனியாக முடியாதுதான். ஆனால் கூடிச் செய்யலாம். டென்மார்க்கின் சாம்சோ தீவில் சுமார் 4,000 பேர்தான். 2000-ஆம் ஆண்டில் அங்கே 11 காற்றாலைகள் எழுந்தபோது விவசாயிகளும் ஊர்க்காரர்களும் பங்கு வாங்கி உடைமையாளர் ஆனார்கள். நாலைந்து ஊராட்சிகளும் ஒரு கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தால் இங்கும் அது நடக்கும்.

அதற்கு ஏற்ற வேளையும் இதுதான். தொண்ணூறுகளில் நட்ட சிறிய காற்றாலைகள் இப்போது கிழடாகிவிட்டன. நல்ல காற்றுள்ள இடமெல்லாம் அவற்றின் காலடியில்தான் கிடக்கிறது. அவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நடும்போது புது அனுமதி, புது ஒப்பந்தம் எல்லாம் எழுதப்படும். அந்த ஒப்பந்தத்தில் ஊராட்சிக்கு ஒரு பங்கு வேண்டும் என்ற தீர்மானத்தை, அடுத்த கிராம சபையில் நீங்கள் கொண்டுவர வேண்டும்.