காய்கறிச் சாறும் தேக சுகமும்



கடைகளில் ரின்னிலும் போத்தலிலும் அடைத்து விற்கும் உப்பிட்ட காய்கறிச் சாற்றுக் கலவைகளைப் பற்றிச் சில வார்த்தை பேச விரும்புகிறேன். இவற்றுள் பேர்பெற்றது ‘வீ-8’ என்னும் அமெரிக்கப் பானம். 1933இல் டபிள்யூ. ஜீ. பீக்கொக் என்பவர் ஆக்கியது. 1948இல் கம்பெல் கம்பனியார் வாங்கிக்கொண்டனர். தக்காளி, கரற், பீற்றூட், செலரி முதலாக எட்டு மரக்கறிகள் அதில் உண்டு. எட்டு என்றதும் மயங்கிவிட வேண்டாம், பெரும்பங்கு தக்காளிதான்.

சாற்றில் நன்மை இல்லையா? உண்டு. தக்காளிக்குச் செந்நிறம் தரும் லைக்கோப்பீன், பச்சைப் பழத்திலும் பார்க்கச் சூடாக்கிய சாற்றிலிருந்தே எளிதாக உடலிற் சேரும். ஆனால், பிழிந்து வடிக்கும்போது நார்ப்பொருளின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. மலச்சிக்கலைத் தடுப்பதும், சீனி இரத்தத்தில் மெல்ல ஏறும்படி செய்வதும் அந்த நார்தானே! சக்கையை மாட்டுக்குப் போட்டுவிட்டுச் சாற்றை நாம் குடித்தால் லாபம் மாட்டுக்கே.

எனக்குப் பெரிய பயம் உப்பைப் பற்றியது. அப்பானத்தின் வழக்கமான வகையில் ஒரு கிளாஸில், அதாவது ஏறக்குறைய 240 மில்லிலீற்றரில், சுமார் 640 மில்லிகிராம் சோடியம் உண்டு. வளர்ந்தவருக்கு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையிலேயே மூன்றில் ஒரு பங்கு முடிந்தால், மத்தியானச் சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் கணக்கில் இடம் ஏது? இரத்த அழுத்தமுள்ள பெரியோர், “மரக்கறிதானே” என்று இரண்டு கிளாஸ் பருகிவிடக் கூடாது. உப்புக் குறைத்த வகையும் உண்டு. அதிற் பொற்றாசிய உப்புச் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடலாகாது.

நம் வீட்டு இலைக்கஞ்சியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வல்லாரை, முசுமுசுக்கை, தவசிமுருங்கை இவற்றை இடித்துப் பிழிந்த சாற்றைக் கஞ்சியில் விட்டுத் தேங்காய்ப்பாலும் சேர்க்கிறோம். இலையிலுள்ள கரற்றீன் கொழுப்போடு சேர்ந்தாற்றான் நன்றாக உடலில் ஏறும். அந்த வேலையைத் தேங்காய்ப்பால் செய்கிறது. உப்பின் அளவோ அடுப்படியில் நிற்பவர் கையில். சாற்றைக் கடைசியில் விட்டு ஒரு கொதியோடு இறக்குங்கள். நெடுநேரம் காய்ச்சினால் பச்சை நிறம் மங்கும், விற்றமின் சீயும் குறையும். வடியாமல் அரைத்த இலையையே விட்டால் நாரும் கிடைக்கும்; தொண்டையில் சற்றே உரசும், அவ்வளவுதான்.