நாற்பதுகளில் ஒரு விண்ணப்பம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு ஹெவ்லொக் டவுனில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் பாடசாலை நூறு ஆண்டு நிறைவு காணும் இவ்வேளையில் பேச அழைத்தமைக்கு நன்றி. செயற்குழு எனக்கு முதலில் தந்த தலைப்பு, நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் உடல்நலம். அதை வேறொரு நாள் விரிவாகப் பேசலாம். இன்று, நாற்பது வயதுக்குப் பின் நான் எடுத்த ஒரு முடிவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். தலைவி அக்கா உடனே சம்மதித்தார்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக வைத்தியராக வேலை செய்துவரும் நான், இறையியலும் திருப்பணியும் படிப்பதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். முடிவு இன்னும் வரவில்லை. ஆகவே, வென்று வந்தவள் சொல்லும் அறிவுரையாக இதை எடுக்க வேண்டாம். வாசலில் காத்திருப்பவள் பேசுவதாகக் கேளுங்கள்.

இச்செய்தியைக் கேட்டவுடன் பெரும்பாலானோர் கேட்ட கேள்வி, "ஏன்?" என்பதுதான். என் அம்மா கேட்டது, "இவ்வளவு காலம் படிச்சது காணாதே, பிள்ளை?" என்று. வெள்ளவத்தையில் வளர்ந்த உங்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டில் இருந்து, ரியூஷன் காசு கட்டி ஆளாக்கிய பிள்ளை டொக்டராக வந்ததன் பிறகு, "இனி வேறொன்று படிக்கப் போகிறேன்" என்றால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். அம்மாவுக்கு நான் இன்னும் முழுப்பதில் சொல்லி முடிக்கவில்லை. இந்த உரையின் ஒரு பகுதி அவருக்கானது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உட்பட மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் கொழும்பின் வைத்தியசாலைகளில் இருந்த எல்லோருக்கும் செய்வதற்கு வேலை இருந்தது. காயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் "ஏன் எங்கட கோயில்ல?" என்று ஒரு தாய் கேட்டபோது, எங்கள் பாடப்புத்தகம் எதிலும் அதற்குரிய அத்தியாயம் இருக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு கொவிட் வந்தது. தொற்றினால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்தேயாக வேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி வரை நடைமுறையில் இருந்தது. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த முஸ்லிம் தோழியரின் குடும்பங்கள் அந்த மாதங்களில் பட்ட வேதனையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மரணம் ஒரு மருத்துவ நிகழ்வு மட்டும்தான் என்று எண்ணியிருந்த பலருக்கும் அது ஒரு பாடம். உடலுக்கு இறுதியாகச் செய்யும் மரியாதை, ஓதல், மண், தொழுகை இவற்றை ஒரு குடும்பத்திடமிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று அன்று கண்டோம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாகவும், பின் வைத்தியசாலைச் சமூகசேவகியாகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் படித்து, 1967இல் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கினார். குணமாக்க முடியாத நோயாளரின் வலியை 'முழு வலி' என்று அவர் விளங்கிக்கொண்டார். உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தின் கவலை, ஆன்மாவின் தவிப்பு நான்கும் அதில் அடக்கம். முதலாவதுக்கு மோர்ஃபின் உண்டு. நான்காவதைக் கையாள நான் பயிற்சி பெறவில்லை.

"அப்படியானால் வைத்தியராகவே இருந்து, நோயாளியோடு சேர்ந்து ஒரு செபம் செய்யலாமே?" என்று சபையில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் நோயாளி கட்டிலில் கிடக்கிறார். நான் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் நிற்கிறேன். அவருடைய மருந்தும் பரிசோதனையும் வீடு செல்லும் நாளும் என் கையொப்பத்தில் இருக்கின்றன. "உங்களுக்காகச் செபிக்கட்டுமா?" என்று நான் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பௌத்தரோ சைவரோ முஸ்லிமோ ஆனால் இன்னும் கடினம். வைத்தியரின் அதிகாரத்தோடு சேர்ந்து வரும் செபம் ஒருவகை வற்புறுத்தலாகிவிடும். அதனால் வாட்டில் நான் அதைச் செய்வதில்லை. அதிகாரம் இல்லாமல் ஒரு கட்டிலருகே போய் அமர்வது எப்படி, பேசாமல் கேட்பது எப்படி, எந்த இடத்தில் விலகி அந்த மனிதரின் சொந்தச் சமயகுருவுக்கு வழிவிடுவது என்பவை கற்க வேண்டிய விடயங்கள். நான் படிக்க விரும்புவது இதற்காகத்தான்.

நம் மண்ணில் மருத்துவமும் திருப்பணியும் ஒன்றாக வந்த வரலாறு நீண்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணம் வந்து, 1820இல் இங்கேயே குருவாக அபிஷேகம் பெற்றார். பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் வேலூரில் 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு, மாணவர்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர்கள் மதம் மாற்றும் நோக்கத்தோடும் வந்தவர்கள். அதை மறைக்கத் தேவையில்லை. இன்று சைவத் தோழியர் சிலர் என்னிடம் தயங்கித் தயங்கி, "நீயும் அதற்குத்தானா?" என்று கேட்டார்கள். கேட்டது நல்லது. நோயுற்றவரின் பலவீனத்தைச் சமயம் பரப்பும் வாய்ப்பாகக் கொள்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் கிறீனிடம் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மனிதர் நோயை உணர்வதும் பயப்படுவதும் தாய்மொழியில். அவர்களுக்குத் துணைநிற்பவரும் அந்த மொழியில் சிந்திக்கப் பழக வேண்டும்.

பிலிமத்தலாவை என்னை ஈர்ப்பதற்கும் அதுவே காரணம். முன்பு நம் நாட்டிலிருந்து குருத்துவப் படிப்புக்குப் பலர் இந்தியா போனார்கள். தெல்லிப்பழையோடு தொடர்புடைய டி. ரி. நைல்ஸ் போதகர் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்தவர். 1963இல் மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்திஸ்து முதலிய திருச்சபைகள் கூடிக் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் ஒரு கல்லூரியை அமைத்தன. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறார்கள். யுத்தகாலம் முழுவதிலும் இரு மொழி மாணவரும் ஒரே வளவில் தங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டுப் படித்தார்கள். அக்கல்லூரி இணைந்திருப்பது இந்தியாவின் செரம்பூர் செனற்றோடு. வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818இல் தொடங்கிய செரம்பூர் கல்லூரிக்கு, அவ்வூர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தபடியால், 1827இல் டென்மார்க் மன்னரே பட்டமளிக்கும் சாசனம் கொடுத்தார்.

தங்கைமாருக்கு நடைமுறை விடயங்கள் சில சொல்கிறேன். இப்படிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. கிறிஸ்தவத்தை ஒரு பாடத்துறையாகப் படிக்க விரும்பினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் களனியிலும் அதற்கான துறைகள் உள்ளன. அதற்கு உங்கள் உயர்தரப் பெறுபேறு போதும். எந்தச் சபையின் கடிதமும் தேவையில்லை. திருப்பணிக்கென்று படிப்பதாயின் கதை வேறு. பொதுவாக நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது. உங்களை அறிந்த சபை முதலில் பரிந்துரைக்க வேண்டும். அதன்பின் சேகரம், தெரிவுக்குழு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று படிகள் உண்டு. சபை அனுப்பும் மாணவரின் செலவைப் பெரும்பாலும் சபையே தாங்குகிறது. அதாவது சந்தைக்குப் போய்வரும் ஓர் அம்மா காணிக்கைத் தட்டில் போடும் காசில் நீங்கள் படிப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள்.

படிவம் கேட்பவை சான்றிதழ்கள் மட்டுமல்ல. உங்கள் அழைப்பை எப்போது, எவ்வாறு உணர்ந்தீர்கள்? குடும்பத்தார் என்ன சொல்கிறார்கள்? கடன் உண்டா? உங்களோடு ஒத்துப்போகாதவரோடு எப்படி வேலை செய்தீர்கள்? எந்தப் பட்டப்படிப்புக்கும் என்னிடம் இவற்றைக் கேட்டதில்லை. நேர்முகத்தில் என் எதிரே இருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் கடை நடத்துபவர். என் மருத்துவப் பட்டங்களைப் பற்றி ஒரு நிமிடமும் பேசவில்லை. "உங்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். இருபது வருடமாகக் கேள்வி கேட்பவளாக இருந்தவள், அன்று பரிசோதிக்கப்படுபவளாக இருந்தேன். நோயாளியின் கதிரை எப்படி இருக்கும் என்று சற்று விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் என்ற பெயரோடு சில மாதங்களில் கலாநிதிப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்வோரும் உண்டு. பணம் கட்டுமுன் மூன்றைக் கேளுங்கள். இந்தப் பட்டத்தை அங்கீகரிப்பது யார்? கற்பிப்பவர்கள் எங்கே படித்தவர்கள்? உங்கள் திருச்சபை இதை ஏற்குமா? ஒழுங்கான இறையியல் கல்வியில் வேதாகமம், அதன் மூலமொழிகள், திருச்சபை வரலாறு, ஒழுக்கவியல் ஆகியவற்றோடு பிற சமயங்களும் பாடமாக இருக்கும். சைவத்தையும் பௌத்தத்தையும் இஸ்லாத்தையும் மதிப்போடு படிக்காமல் இந்நாட்டில் யாரும் போதகராக முடியாது என்பது என் எண்ணம்.

"பெண்ணை எடுப்பார்களா?" என்றும் கேட்கிறீர்கள். அங்கிலிக்கன் உலகில் முதன்முதலில் குருவாக்கப்பட்ட பெண் ஹொங்கொங்கைச் சேர்ந்த புளோரன்ஸ் லீ ரிம் ஒய். ஆண்டு 1944. இங்கிலாந்துத் திருச்சபை அந்த இடத்துக்கு வர 1994 ஆயிற்று. நம் நாட்டின் அங்கிலிக்கன் திருச்சபையில் பெண்கள் குருவானது 2006இல். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பா லலிதா அம்மையார் பேராயரானார். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை. எனினும் இறையியல் கற்கும், கற்பிக்கும் பெண்கள் அங்கும் உள்ளனர். இக்கதவு திறந்து அதிக காலமாகவில்லை. திறந்த கதவால் யாரும் போகாவிட்டால் அது மெல்ல மூடிக்கொள்ளும். நம் பாடசாலையில் கெட்டித்தனமான பிள்ளை என்றால் மருத்துவம், பொறியியல் என்று சொல்லியே வளர்த்தோம். இறையியலுக்குப் போகிறவர் வேறு இடம் கிடைக்காதவர் என்ற எண்ணம் நம்மிடையே இருந்தால் அதை இந்த நூற்றாண்டோடு விட்டுவிடலாம்.

விண்ணப்பம் என்ற சொல்லை நான் இவ்வளவு காலமும் படிவத்தோடு மட்டுமே சேர்த்துப் பார்த்தேன். நம் மொழியில் அது அதைவிடப் பழையது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை நியமித்த கல்வெட்டில், பாடுவதை 'விண்ணப்பம் செய்தல்' என்றே குறிக்கிறார்கள். தமிழ் வேதாகமத்திலும் வேண்டுதலுக்கு அச்சொல் உண்டு. கேட்பது மட்டுமே நம் பங்கு, தருவது நம் கையில் இல்லை என்ற பொருள் அச்சொல்லுக்குள் இருக்கிறது. கல்லூரி 'ஆம்' என்றால் சில ஆண்டுகள் வைத்தியசாலையை விட்டுப் போவேன். திரும்பி வரும்போது வேறு விதமாக அந்தக் கட்டில்களருகே அமர்வேன். 'இல்லை' என்றால், என்னை நன்கறிந்தவர்கள் ஆராய்ந்து சொன்ன பதில் அது. அதையும் ஏற்று, நாளைக் காலை வழமைபோல வாட்டுக்குப் போவேன்.

அம்மாவுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: நீங்கள் படிப்பித்த படிப்பு ஒன்றும் வீணாகவில்லை. அது என்னை இந்தக் கேள்வி வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது.

யாராவது தங்கைக்கு இப்படியொரு எண்ணம் மனதில் இருந்தால், தேநீர் வேளையில் என்னோடு பேசுங்கள். எச்சமயத்தவராயினும் பரவாயில்லை. நூறு ஆண்டாகப் பல சமயப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வளர்த்த நம் பாடசாலை இன்னும் பல நூறு ஆண்டு சிறக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.