அன்று அந்த அம்மையார் உண்டாரா?



கெங்கவல்லித் திருவிழாவில் இளையான்குடி மாற நாயனார் வரலாற்றைச் சொல்லுமாறு அன்பர்கள் பணித்தார்கள். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் வரலாறு. ஆதலால் ஏட்டைப் புரட்டாமலே பேருந்து ஏறிவிட்டேன். அந்த இறுமாப்பு இன்று நண்பகலில் அடங்கிற்று.

அடியேனுக்கு அமுது படைத்த இல்லத்தில் எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். கை கழுவித் திண்ணையில் அமர்ந்தபோது, "இன்னிக்கு எந்தக் கதைங்க சாமி?" என்றார். சொன்னேன். சற்று நேரம் வாளாவிருந்து, "அன்னிக்கு அந்தம்மா சாப்பிட்டுச்சுங்களா?" என்று கேட்டார்.

விடை தெரியாமல் விழித்தேன்.

அந்த இரவை நினைந்து பாருங்கள். வளமெல்லாம் சுருங்கிய இல்லம், நள்ளிரவு, மழை. வாயிலில் ஓர் அடியார். என் செய்வோம் என்று நாயனார் மனைவியாரைக் கேட்கிறார். வழி சொன்னவர் அம்மையாரே. வீட்டில் ஒன்றுமில்லை, அயலாரும் இனித் தரமாட்டார், பகலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தால் இயன்றவாறு சமைக்கலாம் என்றார். சுவேத நதிக்கரையில் உழுதுண்ணும் உங்களுக்கு, விதைத்த அன்றே விதையை வாரும் கையின் நடுக்கத்தை நான் விளக்க வேண்டுவதில்லை. நாயனார் இருளில் காலால் தடவிச் சென்று, கூடையில் வாரித் தலையில் சுமந்து வந்தார். அம்மையார் வாயிலிலேயே காத்து நின்று வாங்கிச் சேறு கழுவினார். விறகில்லை என்றார்; நாயனார் கூரைக் கழிகளை அறுத்துத் தள்ளினார். முளைநெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கியதும், பறித்து வந்த இளம்பயிரைப் பலவகைக் கறியாக்கியதும் அம்மையாரே.

பின்பு அடியாரை எழுப்பினர். அவர் சோதியாய் எழுந்தார். உமையோடு இறைவன் காட்சி தந்து இருவரையும் ஆட்கொண்டான். 12ஆம் நூற்றாண்டில் இதனைப் பாடிய சேக்கிழார் பெருமான், அன்றிரவு அந்த இல்லத்தில் எவரும் உண்டதாகப் பாடவில்லை.

நாற்பது ஆண்டுகளில் இவ்வினா எனக்குத் தோன்றவில்லையே! ஆவணி மகத்தன்று அந்தத் தொண்டரின் குருபூசையில் எத்தனை ஊர்களில் பேசியிருப்பேன்! பேசி முடித்து, இரவு பதினொரு மணிக்கு நான்கு அன்பர்களை அழைத்துக்கொண்டு வீடு திரும்புவேன். முன்னறிவிப்பு கிடையாது. கதவு திறக்கும், அடுப்பு மூளும், இலை விழும். வந்தோர் என் விருந்தோம்பலைப் புகழ்வர். நானும் புன்முறுவலோடு ஏற்றுக்கொள்வேன். அடுக்களையில் எஞ்சியது என்ன என்று எட்டிப் பார்த்தவன் அல்லன். திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் 6ஆம் அதிகாரம், விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம் என்று மாணாக்கர்க்கு ஒப்பிக்கத் தெரியும். வரிசையின் பொருள் புரிய அறுபது கடக்க வேண்டியிருந்தது.

இப்போது அவளுக்கு முழங்கால் வலி. தரையில் அமர்ந்தால் எழுவதற்குச் சுவர் வேண்டும். விருந்தினர் வருகை மட்டும் குறையவில்லை.

திண்ணையிலிருந்து எழுந்து, தெருமுனைக்குச் சென்று, வீட்டிற்குத் தொலைபேசியில் பேசினேன். "அந்த நாள்களில் நாங்கள் உண்டபின் உனக்குச் சோறு இருந்ததா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். பிறகு, "நாளைக்கு உங்களோடு எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேட்டாள்.