விகாஷ் தொரசூ: நடுக்களத்தில் நின்றவர்

பிழைப்பைத் தேடி ஊர்விட்டுச் சென்றவர்களின் வரலாற்றில் இரண்டு கட்டங்கள் உண்டு. சென்றவர் படும் பாடு ஒன்று. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மண்ணில் தமக்கென ஓர் இடம் தேடும் பாடு மற்றொன்று. முதலாவதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதை இன்று ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

1956ஆம் ஆண்டு மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு மலைகளும் சித்தூர் வட்டமும் கேரளத்தில் அமைந்தன. இன்றைய இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் அந்த எல்லைப் புறங்களில் வாழும் தமிழராகிய நமக்குக் கால்பந்து அயலான ஆட்டமன்று. மூணாற்றில் தேயிலைத் தோட்டத்து அணிகள் ஃபின்லே கேடயத்துக்காக மோதி வந்திருக்கின்றன. பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்தவரே அங்கே ஆட்டக்காரர்; லயத்து மக்களே பார்வையாளர். ஆகவே, தோட்டத்து வழியில் வந்த ஒருவர் உலகக் கோப்பை வரை சென்ற கதை நமக்கு நெருக்கமானதாகவே தோன்றும்.

அவர் பெயர் விகாஷ் தொரசூ. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரான்சில், லெ ஆவ்ர் துறைமுகத்தை அடுத்த ஆர்ஃப்ளர் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் மொரீசியசுத் தீவிலிருந்து குடியேறியவர்கள். குடும்பம் தெலுங்கு வழியினது. 1834 முதல் ஏறத்தாழ நான்கரை லட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் போஜ்புரி பேசுவோரும் அங்கே கரும்புத் தோட்டங்களில் சேர்ந்து உழைத்தனர். விகாஷ் என்றால் மலர்ச்சி என்பது பொருள். இரண்டு கடல்களைக் கடந்தும் அந்தப் பெயர் உதிராமல் நின்றது வியப்புக்குரியது.

தொரசூ நடுக்கள ஆட்டக்காரர். கோல் அடிப்பவரின் பெயரைக் கூட்டம் முழங்கும். கோல் காப்பவரையும் எல்லோரும் அறிவர். நடுக்களத்தில் நிற்பவரோ பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, எவர் எங்கே ஓடுகிறார் என்று நோக்கி, உரிய காலத்தில் உரிய காலடிக்கு அனுப்புபவர். அணியின் மூச்சு அவரிடமே உள்ளது.

1993இல் லெ ஆவ்ர் அணியில் தொடங்கிய அவர், 1998இல் லியோன் அணியில் சேர்ந்தார். 2001-02 பருவத்தில் அவரைப் போர்தோ அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். அந்தப் பருவத்தில்தான் லியோன் முதன்முறையாகப் பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றது! அவரும் வெறுங்கையுடன் திரும்பவில்லை. போர்தோவுடன் லீக் கோப்பையை வென்று வந்தார். பின்னர் 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லியோனின் வெற்றியில் பங்கு கொண்டார். அடுத்து இத்தாலியின் மிலான், அதன்பின் பாரிசு அணி. 2006 ஏப்ரலில் மார்செய் அணிக்கு எதிரான பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் தொலைவிலிருந்து அவர் உதைத்த பந்து கோலாயிற்று. பாரிசு 2-1 என வென்றது.

பிரான்சு நாட்டுக்காக 18 ஆட்டங்கள் ஆடி ஒரு கோல் அடித்தார். அது 2005 அக்டோபரில் சைப்ரசுக்கு எதிராக அடித்தது. அந்த ஆட்டத்தின் வெற்றியோடுதான் பிரான்சு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆயினும் 2006இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்து, தென்கொரியா ஆகியவற்றுக்கு எதிராக இறுதிச் சில நிமிடங்களில் மாற்றாளாக இறங்கியதோடு சரி. பிரான்சு இறுதியாட்டம் வரை சென்றது; அவர் ஓரத்தில் அமர்ந்திருந்தார். நண்பர் தந்த சிறு படக்கருவியால் விடுதி அறையின் தனிமையையும் காத்திருப்பையும் அவர் படம் பிடித்தார். ‘மாற்றாள்’ என்று பொருள்படும் பெயருடன் அது திரைப்படமாக வெளிவந்தது.

அணியில் இடம் கிடைத்ததே பெரிது, வாய்மூடி இருக்கலாகாதா என்று பலர் குறை கூறினர். வந்தேறிகளின் வழியினருக்கு எங்கும் சொல்லப்படும் அறிவுரைதான் இது. இருக்க இடம் கொடுத்தோம், நன்றியோடு இரு என்பது அதன் உட்பொருள். தொரசூ அவ்வாறு இருக்கவில்லை. அவ்வாண்டே தம் பயிற்சியாளருடன் வெளிப்படையாக மாறுபட்டார். அக்டோபரில் பாரிசு அணி அவரைப் பணியினின்று நீக்கியது. பின்பு இத்தாலியின் லிவோர்னோ அணியில் சேர்ந்தும் ஓர் ஆட்டமும் ஆடாமல், 2008இல் ஓய்வு பெற்றார். பேசியதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஆயினும் பேசுவதை அவர் விடவில்லை; 2020இல் பாரிசு நகராட்சித் தேர்தலிலும் போட்டியிட்டார்.

அவர் செய்தது முற்றிலும் சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அணியின் கட்டுப்பாடு பெரிது என்பாரும் உண்டு. ஆனால் குறை கூறும் உரிமை விருந்தினருக்கு இல்லை, வீட்டாருக்கே உண்டு. தொரசூ தம்மை அந்நாட்டின் வீட்டாராகவே எண்ணினார். அதனாலேயே குறை கூறினார். பல மாநிலங்களில் வேர்விட்டு வாழும் நம்மவரும் தாம் உழைத்து வளர்த்த ஊரில் தம்மை விருந்தினராக எண்ண வேண்டுவதில்லை. தம் பெயரை மாற்றாமலும், தம் குரலைத் தாழ்த்தாமலும் நடுக்களத்தில் நிற்கலாம்.